மாமனாருக்கு மருந்து வைத்தவள்

நான் என் மாமனாருக்கு மருந்து வைத்தவள். இதை நானே சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. திருச்செங்கோட்டைச் சுற்றி எங்கள் சொந்தக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கல்யாண வீட்டில் நான் பாயச வாளியோடு பந்திக்குள் நுழைந்தால் பெரியவர்கள் இலையைக் கையால் மறைத்துக்கொள்வதும், அதைப் பார்த்துப் பந்தியே சிரிப்பதும் இன்றைக்கும் நடக்கிறது.

நம் ஊரில் மருந்து கொடுப்பது வேறு, மருந்து வைப்பது வேறு. கொடுத்தால் நோய் போகும். வைத்தால் ஆள் போவான். இல்லாவிட்டால் வைத்தவள் இழுத்த இழுப்புக்கெல்லாம் ஆடுவான். சோற்றிலோ பாலிலோ கலந்து தெரியாமல் உள்ளே இறக்கிவிடுவார்கள் என்றும், அது குடலில் போய் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கும் என்றும் ஒரு நம்பிக்கை. (பெண்டாட்டி பேச்சைக் கேட்கிற பையன்களுக்கெல்லாம் அவர்களைப் பெற்றவர்கள் கண்டுபிடிக்கும் நோய் இது.) அப்படிப்பட்ட ஒரு சொல்லை, ஊரே கூடி நிற்கும்போது, நானாக வாயைத் திறந்து என் தலையில் போட்டுக்கொண்டேன். அந்தக் கூத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் அப்பா ஓமலூரில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தார். கம்பவுண்டர் மகள் என்றால் பாதி டாக்டர் என்பது என் எண்ணம். எட்டாவது வரை படித்திருந்தேன், மருந்துச் சீசாவில் ஒட்டியிருக்கும் இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். வாழ்க்கைப்பட்ட இடமோ திருச்செங்கோட்டு மலை தெரிகிற தூரத்தில் ஒரு தோட்டத்து வீடு. மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் மாமா, நான், என் வீட்டுக்காரர், மூன்றே பேர். அவர் விடிந்தால் கிணற்றடியில் கவலை ஓட்டப் போய்விடுவார். (மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை. மற்றபடி அந்த மனுஷனுக்கு ஒரு கவலையும் கிடையாது.)

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாட்டுச் சந்தைக்குள் அவர் நுழைந்தால் தரகர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். மாட்டின் தாடையை ஒரு கையால் பிடித்து, கடைவாயில் கட்டைவிரலைக் கொடுத்து வாயைத் திறந்தாரென்றால், மாட்டின் வயசும் அது தின்ற தீனியும் விற்கிறவன் சொன்ன பொய்யும் அவருக்குத் தெரிந்துவிடும். "சந்தையில என்னை ஏமாத்தறதுக்கு இனிமேத்தான் ஒருத்தன் பொறந்து வரோணும்" என்பார். அது பெருமைக்குச் சொன்ன பேச்சல்ல, உண்மைதான். ஆனால் அவருக்கு ஒரு வயிற்று வலி இருந்தது. சாப்பாட்டு நேரம் வந்தால் நெஞ்சுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். பாதிக் களியிலேயே கையைக் கழுவிவிடுவார். மாமியார் போனதிலிருந்தே இப்படித்தான் என்று பக்கத்துத் தோட்டத்து ராமாயி அக்கா சொன்னாள்.

நான் சும்மா இருப்பேனா? அடம்பிடித்து அவரை ஓமலூருக்கு அழைத்துப்போய் அப்பாவின் டாக்டரிடம் காட்டினேன். ஒரு சீசா நிறைய சிவப்பு மருந்தோடு திரும்பினோம். வண்டியில் வரும்போது மாமா சீசாவை வெயிலில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் பொரிந்தார்.

"நாக்கை நீட்டுன்னான், நீட்டுனேன். நாக்கு உள்ளார போறதுக்குள்ள சீட்டெழுதிப் போட்டுட்டான். வயசாச்சு, காரத்தைக் கொறைன்னான். நான் ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டான். மாட்டைக்கூட அத்தனை வேகத்துல பாத்து அனுப்ப மாட்டேன் அம்மிணி நானு."

அந்தச் சீசாவை அப்படியே கொண்டுபோய் முருங்கை மரத்தடியில் கவிழ்த்தார். (அந்த முருங்கைக்குக் கடைசிவரை வயிற்று வலி வந்ததில்லை.)

அப்போதுதான் என் பாதி டாக்டர் மூளை வேலை செய்தது. அப்பாவிடம் சொல்லி, வயிற்றுப் புளிப்புக்குக் கொடுக்கிற சோடாப் பொடியைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி வாங்கி வந்தேன். மத்தியான மோரில் ஒரு சிட்டிகை. மாமாவுக்குத் தெரியாது, என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. தெரிந்தால் குடிக்க மாட்டார், குடிக்காவிட்டால் குணமாகாது, ஆகவே சொல்லக்கூடாது. என்ன அருமையான கணக்கு! என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

"மோரு ஒரு மாதிரியாக் கரிக்குதே அம்மிணி?"

"புதுப் பானைங்க மாமா."

குடித்ததும் ஏவ்வென்று ஏப்பம் விடுவார். முகம் கொஞ்சம் தெளியும். மலைமேல் இருக்கிற சாமி கண்ணைத் திறந்துவிட்டார் என்று ராமாயி அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். போகட்டும், பேர் சாமிக்கே போகட்டும் என்று நான் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தேன்.

பிறகு நோம்பி, அதாவது பண்டிகை, வந்தது. வேலை மும்முரத்தில் நான் பொடியை மறந்தேன், மாமா கச்சாயத்தை மறக்கவில்லை. எண்ணெயில் பொரித்த அந்த வெல்லப் பண்டத்தை ஒரு தட்டு காலி செய்தார். வலி திரும்பி வந்து அவரைக் கயிற்றுக் கட்டிலில் சுருட்டிப் போட்டது. அந்தச் சமயம் பார்த்துத்தான் வைத்தியர் வந்து சேர்ந்தார்.

குடை, தகரப் பெட்டி, நெற்றி நிறையத் திருநீறு. கிழக்கே ஆத்தூருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதாகச் சொன்னார். பேச்சிலேயே நம் பக்கத்து ஆள் இல்லை என்று தெரிந்தது. வேப்பமர நிழலில் நின்று, "தாயே, குடிக்கக் கொஞ்சம் தண்ணி" என்றார். வந்தவருக்கு வெறும் தண்ணீரா கொடுப்பது? மோர் கொடுத்தேன். குடித்தபடியே, "வீட்டில பெரியவங்க யாரும் இல்லையா?" என்று கேட்டார். அவ்வளவுதான் அவர் கேட்டது. மீதியை எல்லாம் நான் சொன்னேன். மாமியார் போனது, மாமாவுக்கு வயிற்று வலி வருவது, சாப்பாட்டு நேரத்தில் வருவது, பாதிக் களியில் எழுந்துவிடுவது, ராத்திரியில் பெருமூச்சு விடுவது, மாமியாரின் சிவப்புக் கல் தோட்டைத் துணியில் முடிந்து இடுப்பிலேயே வைத்திருப்பது, குளிக்கும்போதுகூட அந்த முடிச்சை அவிழ்க்காதது. ஒன்று விடவில்லை. சோடாப் பொடியை மட்டும் சொல்லவில்லை, ஏனென்றால் அது ரகசியமாயிற்றே!

அவர் மோர்ச் சொம்பைக் கவிழ்த்துவைத்துவிட்டு நேரே மாமாவின் கட்டிலுக்குப் போனார். பக்கத்தில் உட்கார்ந்தார். மாமாவின் மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஐயா, உங்க வீட்டு மகாலட்சுமி உங்களை விட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் வந்த வலி இது. சாப்பிட உக்காந்தா வரும். பாதியில எந்திரிக்க வைக்கும். ராத்திரியில தூக்கம் கிடையாது."

மாமா எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவர் வாயைப் பிளந்ததில் அதிசயமில்லை. நானும் பிளந்தேனே, அதை என்னவென்று சொல்வது! இப்போதுதான் மரத்தடியில் நின்று நான் கொட்டிய அத்தனையையும் அந்த மனுஷன் அப்படியே திருப்பிச் சொல்கிறார். நான் கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன். எட்டாவது படித்தவள்.

அவர் உடனே மந்திரம் தந்திரம் என்று இறங்கவில்லை. அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். வெகுநேரம் மாமாவைப் பேசவிட்டார். வலி குத்துகிறதா, பிசைகிறதா, எரிகிறதா, எந்தப் பக்கம் படுத்தால் தேவலை, முன்பெல்லாம் எத்தனை உருண்டை களி உள்ளே போகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் அத்தனை பேசி நான் பார்த்ததே இல்லை. இதற்குள் ராமாயி அக்கா வந்துவிட்டாள். களை வெட்டிக்கொண்டிருந்த பெண்களும் வந்துவிட்டார்கள். மேட்டூரில் அணை கட்டுகிற வெள்ளைக்கார எஞ்சினியர் வயிற்றிலிருந்தே தான் மருந்து எடுத்ததாக வைத்தியர் போகிறபோக்கில் ஒரு போடு போட்டார். (வெள்ளைக்காரருக்கு யார் மருந்து வைத்தார்கள், எதில் வைத்தார்கள், ரொட்டியிலா? ஒருத்தரும் கேட்கவில்லை.)

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா, சொல்லவே நாக்கு கூசுது. உங்க வயித்தில மருந்து இருக்கு. வெச்சிருக்காங்க."

"அட கெரகமே!" என்றாள் ராமாயி அக்கா.

"வெச்சது வெளியாள் இல்லை. சோறு போடுற கை."

நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"பொடியா வெச்சிருக்காங்க. பால்லயோ மோர்லயோ."

போச்சு! எல்லாம் தெரிந்துவிட்டது! மகான்தான், சந்தேகமே இல்லை! பொடி என்கிறார், மோர் என்கிறார். (பொடி இல்லாவிட்டால் வேறு எப்படி வைப்பார்கள், பாலும் மோரும் இல்லாத குடியானவர் வீடு உண்டா என்றெல்லாம் யோசிக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று.) அவர் மேலும் சொன்னார்:

"வெச்சவங்க தானா ஒத்துக்கிட்டா சுலபமா எடுத்திடலாம். மறைச்சாங்கன்னா, அது ஈரலைப் போய்ப் பிடிச்சிடும். அப்புறம் உயிருக்கு நான் பொறுப்பில்லை."

நான் ஒளித்துவைத்த ஒரு சிட்டிகை சோடாப் பொடி மாமாவின் ஈரலைப் பிடித்துக் கொன்றுவிடுமோ என்று பயந்து போனேன். என் கௌரவமா பெரிது, அவர் உயிரா பெரிது? கூட்டத்துக்கு நடுவில் போய் நின்று கையைக் கூப்பினேன்.

"நான்தாங்க மாமா வெச்சேன்."

களைக்கொத்தை வைத்துக்கொண்டிருந்த பெண் அதைக் கீழே போட்டாள். வைத்தியர் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்த பித்தளைக் குழலை நழுவவிட்டார். பாவம், இத்தனை வருஷத் தொழிலில் ஒருத்தியும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள்.

"எப்பிருந்து புள்ள?" என்று ராமாயி அக்கா கேட்டாள்.

"வந்த மூணாம் மாசத்திலிருந்துங்க்கா. தெனமும் மோர்லதான் வெப்பேன்."

"அடிப் பாவி! எங்கிருந்துடி வாங்குனே?"

"எங்கப்பாதானுங்க பொட்டலம் கட்டிக் குடுத்தாரு."

"அப்பனும் சேந்தா! எதுக்குடி?"

"மாமா யாரு சொன்னாலும் கேக்க மாட்டீங்கறாரு. அதான் என்ற வழிக்குக் கொண்டாரலாம்னுட்டு..."

நான் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. இப்படி அரிச்சந்திரன் வீட்டுப் பெண்ணாக நின்று, என்னைத் தூக்கில் போடத் தேவையானதை எல்லாம் நானே எடுத்துக் கொடுத்தேன். "அது நல்ல மருந்துங்க!" என்று கடைசியில் ஒன்று சொன்னேன். அதற்குள் ராமாயி அக்கா மார்பில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள், ஒருத்தர் காதிலும் விழவில்லை. "இவளை இப்பவே ஓமலூருக்குத் தாட்டி உடுங்க! ஒரு நிமிசம் வெச்சிருக்கப்படாது!" என்று ஒருத்தி கத்தினாள். என் வீட்டுக்காரரைக் கூட்டிவர இன்னொருத்தி கிணற்றடிக்கு ஓடினாள்.

மாமா கத்தவில்லை. என்னையே பார்த்தார்.

"நீயா அம்மிணி?" என்றார்.

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எதையோ பறிகொடுத்தவர் மாதிரி கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு அழுதேன். குற்றவாளி அழுகிறாள் என்று எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

வைத்தியர் சுதாரித்துக்கொண்டார். மருந்தை எடுக்கப் பொன் வேண்டும் என்றார். பொன்னைத் தண்ணீரில் போட்டுவைத்தால்தான் விஷம் அதில் இறங்கும். இறங்கிய பிறகு அந்தப் பொன்னை வீட்டில் வைத்திருக்கக்கூடாது, அவரே கொண்டுபோய் ஆள் நடமாட்டமில்லாத இடம் பார்த்துக் காவேரியில் விட்டுவிடுவார். மாமா இடுப்பிலிருந்து அந்த முடிச்சை எடுத்தார். அவிழ்க்க விரல் வரவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தார். சிவப்புக் கல் தோடு இரண்டும் சொம்புத் தண்ணீருக்குள் விழுந்தன. எனக்கு ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் மருந்து வைத்தவளுக்கு ஏது வாய்?

வைத்தியர் குழலின் ஒரு முனையை மாமாவின் தொப்புளுக்கு மேல் வைத்து, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினார். முகம் சிவக்க உறிஞ்சினார். பிறகு ஓங்கரித்துக்கொண்டு சாம்பல் பரப்பிய தட்டில் துப்பினார்.

கறுப்பாக ஓர் உருண்டை. புளியங்கொட்டை அளவு இருக்கும். அதில் மயிர் சுற்றியிருந்தது.

"ஐயோ!" என்றது கூட்டம்.

நானும் எட்டிப் பார்த்தேன். நான் வைத்த மருந்து எப்படி வெளியே வந்திருக்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை இருக்காதா? பார்த்ததும் எனக்கு அழுகை நின்றுவிட்டது.

"இது நான் வெச்சது இல்லீங்க" என்றேன்.

"பொய் சொல்லாதே தாயே, இப்பத்தான் ஒத்துக்கிட்டே."

"வெச்சேனுங்க. நான் வெச்சது வெள்ளைப் பொடிங்க. இது கருப்பா இருக்குது. இதுல மயிரு கெடக்குது!" எனக்குக் குரல் எகிறியது. "என்ற மோர்ல மயிரா? துணியில வடிகட்டித்தானுங்க குடுப்பேன்! யாரைப் பாத்து என்ன பேச்சுப் பேசறீங்க? நான் குடுத்த மோரை நீங்களுந்தானே ஒரு சொம்பு குடிச்சீங்க, அதுல கெடந்துச்சா மயிரு? சொல்லுங்க!"

மாமனாரைக் கொல்லப் பார்த்தாள் என்றபோது கைகூப்பி நின்ற நான், மோரில் மயிர் என்றதும் காளியாகிவிட்டேன். சமையல்கட்டில் நிற்கிற பெண்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்கு விளக்கிப் பிரயோசனமில்லை.

உள்ளே ஓடி, கடுகுச் சம்படத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த கடைசிப் பொட்டலத்தை எடுத்துவந்து எல்லோர் எதிரிலும் பிரித்தேன். "இதுதானுங்க மாமா நான் வெச்ச மருந்து. வயித்துப் புளிப்புக்கு எங்கப்பா குடுத்த சோடாப் பொடி. நீங்க சீசாவைக் கவுத்துட்டீங்க, அதனால மோர்ல போட்டேன்." சொல்லிவிட்டு ஒரு வாய் அள்ளி நானே போட்டுக்கொண்டேன். (அத்தனை சோடாப் பொடியை ஒரே வாயில் போடக்கூடாது. இது கம்பவுண்டர் மகளாகச் சொல்கிறேன்.)

மாமா விரலை நீட்டித் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார்.

"அந்தக் கரிப்பு" என்றார்.

அப்புறம் வைத்தியரைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சந்தைக்குப் போகிற ஆண்பிள்ளைகள் பார்த்திருப்பார்கள்.

"வைத்தியரே, கருப்பு வந்துட்டுது, சந்தோசம். நான் தெனமும் குடிச்ச வெள்ளையையும் கொஞ்சம் எடுத்துப்போடுங்க."

"அது... அதுக்கென்ன, எடுத்திடலாம்" என்று வைத்தியர் பெட்டிப் பக்கம் திரும்பினார், முகத்தைத் துடைத்தார், மறுபடி வந்து குனிந்தார். இந்தத் தடவை அவர் ஒன்றும் பேசவில்லை, கண்ணாலேயே ஜாடை காட்டினார். குழலை வாய்க்குக் கொண்டுபோனார்.

மாமாவின் கை தானாக எழுந்தது. இடது கை வைத்தியரின் தாடையைப் பிடித்தது. வலது கைக் கட்டைவிரல் கடைவாயில் நுழைந்தது.

"வாயத் தெறங்க" என்றார்.

வைத்தியருக்கு வேறு வழியில்லை. எத்தனையோ முரட்டுக் காளைகள் அந்தக் கட்டைவிரலுக்குத் திறந்திருக்கின்றன. கன்னத்து ஓரத்திலிருந்து இன்னொரு உருண்டை உருண்டு வந்து மாமாவின் வேட்டியில் விழுந்தது. முதல் உருண்டையின் கூடப்பிறந்தது. அதுவும் கறுப்புதான், வெள்ளைக்கு அவரிடம் சரக்கு இல்லை போலிருக்கிறது. மாமா கையை எடுக்கவில்லை. திறந்தது திறந்தாயிற்றென்று பல்லையும் ஒரு பார்வை பார்த்தார்.

"கடைப்பல்லுத் தேஞ்சு போச்சு. சொல்ற வயசு பொய்யி" என்றார்.

முதலில் சிரித்தவள் ராமாயி அக்காதான். சற்று முன் மார்பில் அடித்துக்கொண்ட அதே கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமா தாடையை விட்டார். சொம்புத் தண்ணீரைத் தரையில் கொட்டித் தோட்டை எடுத்து வேட்டியில் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அம்மிணி, இந்த மனுசனுக்கு வாய் கொப்புளிக்க ஒரு சொம்பு மோரு குடு. மருந்து வெக்காமக் குடு."

வைத்தியர் மோருக்கு நிற்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்போடு ஓடினார். குடை எங்கள் வேப்பமரத்தடியிலேயே தங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் கையில் சாட்டையோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "யாரு யாருக்கு மருந்து வெச்சாங்க?" என்றார். எல்லோரும் சிரித்த சிரிப்பில் அவருக்குப் பதில் கிடைக்கவில்லை. இருட்டுகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் ஜெயித்தவள். ஆனால் அன்று சாயங்காலம் களி கிண்டி மாமாவின் முன் வட்டிலை வைத்துவிட்டு வழக்கம்போல் உள்ளே போகத் திரும்பினேன்.

"சித்த நில்லு அம்மிணி" என்றார். "அவன் பொய் சொல்லி வெளிய எடுத்தான். நீ பொய் சொல்லி உள்ளார போட்டே. நீ நல்லதுக்குத்தான் போட்டே, இல்லீங்கல. ஆனா வயிறு என்ற வயிறாச்சே சாமி. என்னை ஒரு வார்த்தை கேக்கோணும்னு ஒருத்தருக்கும் தோணுலியே."

புதுப் பானை என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அத்தனையும் முன்னால் வந்து நின்றன. மெதுவாகக் கேட்டேன்:

"சந்தையில அத்தனை பேரைப் பாத்த நீங்க, அவனை எப்புடிங்க மாமா நம்புனீங்க?"

களியை ஓர் உருண்டை உருட்டி வட்டிலிலேயே வைத்தார்.

"அவன் கேட்டான் அம்மிணி. எப்புடி வலிக்குது, எந்நேரம் வலிக்குதுன்னு பக்கத்துல உக்காந்து கேட்டான். உங்கப்பன் டாக்டரு கேக்குல. என்ற மகன் கேக்குல. நீ கேக்குல."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "இப்பக் கேக்கறேனுங்க. சொல்லுங்க" என்றேன். சொன்னார். மாமியார் இருந்தவரை அவர் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் பேசிக்கொண்டிருப்பாராம். இப்போது வட்டிலை வைத்துவிட்டு எல்லோரும் போய்விடுகிறோமாம். தனியாகத் தின்கிற சோறு இந்த இடத்தில் நின்றுகொள்கிறது என்று நெஞ்சுக்குக் கீழே தொட்டுக் காட்டினார். நான் மரியாதை என்று நினைத்து ஒதுங்கிப் போனது அவருக்கு அப்படி இருந்திருக்கிறது.

மறுநாளிலிருந்து அவர் சாப்பிட்டு எழும்வரை எதிரில் உட்கார்ந்தேன். என்னிடம் பேச்சுக்கா பஞ்சம்? சோடாப் பொடியும் போட்டேன்; ஆனால் சொல்லிவிட்டுப் போட்டேன். "மாமா, மருந்து வெக்கறேனுங்க" என்பேன். "வெய்யி, வெய்யி" என்று சொம்பை நீட்டுவார். கொஞ்சம் கொஞ்சமாக வலி விட்டது. பொடி கேட்டதா, பேச்சு கேட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் அப்பாவிடம் கேட்டபோது பொடிதான் என்றார், அவர் கம்பவுண்டர்.

மாமா அதற்கப்புறம் வெகுகாலம் இருந்தார். வீட்டுக்கு வந்தவர்களிடம், "தைரியமாக் குடிங்க, இது மருந்து வெக்காத மோரு" என்று சொல்லித்தான் சொம்பைக் கொடுப்பார். அவரைப் பார்க்க எந்த டாக்டர் வந்தாலும், "நீங்க மொதல்ல வாயத் தெறங்க" என்பார். ஒரு சின்னப் பையன் டாக்டர் பயந்துபோய்த் திறந்தேவிட்டார். மழைக்காலத்தில் அந்த வைத்தியரின் குடையைத்தான் பிடித்துக்கொண்டு போவார். சிவப்புக் கல் தோடு இப்போது என் மருமகள் காதில் இருக்கிறது.

போன மாசம் நாமக்கல்லில் என் மகன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். முட்டி வலித் தைலம் விற்கிற ஒருத்தன் பையோடு வந்தான். "ஏம்மா, எந்தப் பக்கம் வலிக்குது? மாடி ஏறும்போதா, இறங்கும்போதா?" என்று கேட்டுக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்தான். இந்தக் கதையை ஆயிரம் தடவை சொன்ன நான் என்ன செய்தேன் தெரியுமா? சொல்ல ஆரம்பித்துவிட்டேன். இடது முட்டி, வலது முட்டி, தூக்கமில்லாதது, மருமகள் வேலைக்குப் போய் வந்து அலுத்துப் படுத்துவிடுவது, எல்லாம். அவன் சீசாவைத் திறந்துவிட்டான். என் கை சுருக்குப் பைக்குப் போய்விட்டது.

உள்ளேயிருந்து மருமகளின் குரல் வந்தது:

"அத்தை! வாயத் தெறந்து பாத்தீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பையன் ஒன்றும் புரியாமல் விழித்தான். நான் பையை மூடிக்கொண்டு, தம்பி போய்ட்டு வா சாமி என்று அனுப்பிவைத்தேன். மருமகள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவன் உட்கார்ந்திருந்த இடத்திலேயே உட்கார்ந்தாள்.

"எந்தப் பக்கமுங்க அத்தை வலிக்குது?" என்றாள்.

அடுப்பில் பால் பொங்கி வழிகிற வரைக்கும் சொன்னேன். ராத்திரி டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"முந்தி டாக்டர் எழுதுன பொடி. பால்ல மருந்து வெச்சிருக்கேனுங்க."

"வெய்யி, வெய்யி" என்று வாங்கிக் குடித்தேன்.